மாறாததை வைத்து மாறுவதை விளக்க முடியுமா? – காஞ்சிபுரமும் டிவி சாதிக் கணக்கும்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே டிவியில் ஒரு மேப் வந்துவிடும். வட மாவட்டங்களுக்கு ஒரு நிறம், மேற்குக்கு ஒரு நிறம், தெற்குக்கு ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாதிப் பெயர். ஸ்டூடியோவில் இருப்பவர், "இந்த பெல்ட்ல இவங்க இத்தனை சதவீதம், அதனால இந்தக் கூட்டணிக்கு இத்தனை சீட்" என்று கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார். ரிசல்ட் வந்ததும் அதே மேப், அதே நிறம். விளக்கம் மட்டும் மாறும்: "இந்த தடவை இவங்க ஓட்டு ஒண்ணு சேரலை." சேர்ந்தாலும் சாதிதான் காரணம், சேராவிட்டாலும் சாதிதான் காரணம். எந்த விடை வந்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் கேஸை நான் எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தப் பதிவு அந்தக் கணக்கின் மீதான விமர்சனம். சாதியும் மதமும் ஓட்டில் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் ஊரிலேயே சிரிப்பார்கள். என் கேள்வி இதுதான்: பிறப்பு மாறுவதில்லை, கோயில் மாறுவதில்லை, தெரு மாறுவதில்லை. ஓட்டு மட்டும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. மாறாத ஒன்றை வைத்து மாறுகிற ஒன்றை எப்படி விளக்குகிறீர்கள்?

1. இந்தக் கணக்கு அமெரிக்காவில் எப்படிப் பிறந்தது

நம்மூர் ஆட்கள் போடுகிற கணக்கின் முழு வடிவத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். நிக்சனின் 1968 பிரச்சாரத்தில் வேலை பார்த்த கெவின் ஃபிலிப்ஸ், 1969-ல் ‘எழுந்துவரும் ரிபப்ளிகன் பெரும்பான்மை’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் பக்கத்துக்குப் பக்கம் மேப்பும் அட்டவணையும். இந்தக் கவுண்டியில் ஜெர்மன் வம்சாவளி, அந்த வார்டில் ஐரிஷ் கத்தோலிக்கர், இன்னொரு இடத்தில் ஸ்காண்டிநேவிய லூத்தரன் என்று பிரித்து, யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொன்னார். யாருக்கு யாரைப் பிடிக்காது என்று தெரிந்துகொள்வதுதான் அரசியலின் ரகசியம் என்ற பொருளில் ஒரு பத்திரிகையாளரிடம் அவர் பேசியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம்ம டிவி மேப்புக்குக் கீழே எழுதாமல் எழுதியிருப்பதும் இந்த வாக்கியம்தான்.

இதே காலத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் நல்ல வேலை செய்தார்கள். பால் கிளெப்னர் 1970-லும் ரிச்சர்ட் ஜென்சன் 1971-லும், 19-ம் நூற்றாண்டு மத்திய மேற்கு மாநிலங்களில் ஓட்டைப் பிரித்தது பணத்தைவிட வழிபாட்டு முறைதான் என்று வாதிட்டார்கள். தனிமனித ஒழுக்கத்தையும் மனமாற்றத்தையும் முக்கியமாக நினைத்த சபைகள் ரிபப்ளிகன் பக்கம். சடங்கையும் திருச்சபை மரபையும் முக்கியமாக நினைத்த கத்தோலிக்கரும் ஜெர்மன் லூத்தரன்களில் கணிசமானவர்களும் டெமாக்ரட் பக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி விஸ்கான்சின் கதை. 1889-ல் அந்த மாநிலம் பென்னட் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. பள்ளிகளில் முக்கியப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்றது சட்டம். சபைகள் நடத்திய ஜெர்மன் மொழிப் பள்ளிகளுக்கு அது நேரடி அடி. லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் அதுவரை ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள். 1890 தேர்தலில் இரண்டு பேரும் சேர்ந்து ரிபப்ளிகன்களைத் தோற்கடித்தார்கள்.

கவனியுங்கள். 1888-லும் அவர்கள் ஜெர்மானியர்கள்தான், 1890-லும் ஜெர்மானியர்கள்தான். ரத்தம் மாறவில்லை. பள்ளிக்கூடத்தின் மீது ஒரு சட்டம் வந்து விழுந்தது. வம்சாவளி பெட்ரோல் மாதிரி. அது தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்துவிட்டு வண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஃபிலிப்ஸ் வகைப் புத்தகங்களும் நம்ம டிவி மேப்பும் தொட்டியை மட்டும் அளக்கின்றன.

2. ராபின்சன் கொடுத்த எச்சரிக்கை

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அது சுத்தமான புள்ளியியல் ஓட்டை. 1950-ல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டேட்டாவோடு வேலை செய்கிற எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டியது.

1930 சென்சஸை எடுத்து அவர் இரண்டு விஷயங்களை ஒப்பிட்டார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மாநிலவாரியாகப் பார்த்தால் கோரிலேஷன் மைனஸ் 0.526. அதாவது குடியேறிகள் அதிகமுள்ள மாநிலத்தில் எழுத்தறிவின்மை குறைவு. ஆஹா, குடியேறிகள் படித்தவர்கள் போல என்று தோன்றும். ஆனால் தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் கோரிலேஷன் பிளஸ் 0.118. குடியேறிகளுக்குத்தான் எழுத்தறிவு சற்றுக் குறைவு! காரணம் எளிது. குடியேறிகள் போய் உட்கார்ந்தது ஏற்கெனவே படித்தவர்கள் அதிகம் இருந்த மாநிலங்களில். மாநில எண் அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொன்னதை நாம் குடியேறிகள் தலையில் கட்டிவிடுகிறோம்.

இதைத் தொகுதிக்கு மாற்றிப் பாருங்கள். "ஏ" சாதி அதிகமுள்ள தொகுதிகளில் "எக்ஸ்" கட்சி ஜெயித்தது என்றால், "ஏ" சாதிக்காரர்கள் "எக்ஸ்" கட்சிக்குப் போட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அங்கேயே இருக்கிற மற்ற சாதிகள், "ஏ" சாதியின் கட்சிக்கு எதிராகத் திரண்டும் போட்டிருக்கலாம். இரண்டுக்கும் தொகுதி எண் ஒரே மாதிரிதான் தெரியும். ஆட்களிடம் நேரில் கேட்கிற லோக்நிதி மாதிரி சர்வேக்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனால் டிவி மேப் சர்வேயிலிருந்து வருவதில்லை.

எங்கிருந்து வருகிறது? அது இன்னும் சுவாரசியம். இந்திய சென்சஸ் மதத்தைக் கேட்கும். பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதியைக் கேட்பதில்லை. அமெரிக்க சென்சஸ் அப்படியே தலைகீழ். 1980 முதல் வம்சாவளியைக் கேட்கிறது. ஆனால் மதத்தைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அவர்கள் இருட்டில் தடவுகிற இடம் நமக்கு வெளிச்சம், நாம் தடவுகிற இடம் அவர்களுக்கு வெளிச்சம்.

நம் நாட்டில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி சென்சஸ் 1931. இடையில் தமிழ்நாட்டில் சட்டநாதன் கமிஷன், அம்பாசங்கர் கமிஷன் என்று சில முயற்சிகள். 2022 மார்ச்சில் வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டைச் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தபோது, அதற்கு ஆதாரமாகக் காட்டிய தரவு பழையது என்பதும் ஒரு காரணம். கோர்ட் ஏற்காத தரவை வைத்துத்தான் ஸ்டூடியோவில் சீட் எண்ணுகிறார்கள். அடுத்த சென்சஸில் சாதி சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. எண் சரியாகும். கணக்கு சரியாகுமா என்பதுதான் என் சந்தேகம்.

3. காஞ்சிபுரத்தில் வைத்து சோதித்துப் பார்ப்போம்

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். அதனால் எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே சோதிக்கிறேன். சாதிக் கணக்குக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. தெருவுக்கு ஒரு சமூகம், கோயிலுக்கு ஒரு தெரு. பெரிய காஞ்சிபுரம் சிவ காஞ்சி: ஏகாம்பரநாதர், காமாட்சி, சங்கர மடம். சின்ன காஞ்சிபுரம் விஷ்ணு காஞ்சி: வரதராஜப் பெருமாள். திருப்பருத்திக்குன்றம் பக்கம் போனால் ஜின காஞ்சி. கணக்கு எங்காவது வேலை செய்ய வேண்டும் என்றால் இங்கேதான் செய்ய வேண்டும்.

அண்ணா பிறந்தது இந்த ஊரில், 1909-ல், செங்குந்தர் நெசவாளர் குடும்பத்தில். அவர் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் நினைவு இல்லமாக இருக்கிறது. தி.மு.க. முதன்முதலாக நின்ற 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் ஜெயித்தார். கடவுள் இல்லை என்று சொன்ன இயக்கத்திலிருந்து வந்த ஆளைக் கோயில் நகரம் சட்டசபைக்கு அனுப்பியது. ஏன்? ரெடிமேட் பதில்: நெசவாளர் ஊர், நெசவாளர் சாதி, சொந்தக்காரர், போட்டார்கள்.

சரி, 1962? அதே ஊர், அதே தெரு, அதே தறி, அதே வேட்பாளர். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. 50 இடமாக வளர்ந்த தேர்தல் அது. கட்சி வளர, கட்சித் தலைவர் தன் சொந்த ஊரில் சுமார் 9,000 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் காங்கிரஸின் எஸ். வி. நடேச முதலியார். 1967-ல் அண்ணா தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதிக்குப் போய்விட்டார், காஞ்சிபுரத்தில் தி.மு.க.வின் சி. வி. எம். அண்ணாமலை ஜெயித்தார். பத்து வருஷத்தில் மூன்று தேர்தல். உதயசூரியன், காங்கிரஸ், உதயசூரியன். ஊரின் சாதிக் கலவை இந்தப் பத்து வருஷத்தில் அப்படியேதான் இருந்தது.

"நடேச முதலியாரும் முதலியார்தானே, ஓட்டு பிரிஞ்சிருக்கும்" என்று உடனே ஒருவர் சொல்வார். இங்கேதான் பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிக்கிற வேலை தடுக்கி விழும். முதலியார் என்பது ஒரு பட்டம். தொண்டைமண்டல வேளாளரும் போடுவார்கள், அகமுடையாரும் போடுவார்கள், செங்குந்தரும் போடுவார்கள். மூன்று பேருக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் உண்டு. பெண் கொடுத்து எடுப்பது வேறு விஷயம். வாக்காளர் பட்டியலில் "முதலியார்" என்று தேடினால் வருகிற எண் எந்த ஒரு சாதியின் எண்ணும் இல்லை.

1962 பற்றி ஊரில் வேறு ஒரு கதை உண்டு; தி.மு.க. மேடைகளில் பல வருஷம் சொன்னது. காங்கிரஸ் தரப்பில் ஓட்டுக்கு அஞ்சு ரூபாய் கொடுத்து, திருப்பதி வெங்கடாசலபதி படத்தின் மேல் சத்தியம் வாங்கினார்கள் என்பது அந்தக் கதை. தோற்ற கட்சி சொல்கிற கதை, அந்த அளவிலேயே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கதையில் மதம் என்ன வேலை செய்கிறது? "நீ வைஷ்ணவன், அதனால் இந்தக் கட்சி" என்று அது சொல்லவில்லை. வாங்கின காசுக்கு சாட்சியாக நிற்கிறது. கடன் பத்திரத்தில் ரெவென்யூ ஸ்டாம்ப் மாதிரி. இதை எந்த மேப்பில் எந்த நிறத்தில் காட்டுவீர்கள்?

4. சாதியா, தறியா?

1957 வெற்றிக்கே திரும்பி வருவோம். சொந்தச் சாதி என்பதால் போட்டார்கள் என்ற பதிலுக்குப் போட்டியாக இன்னொரு பதில் இருக்கிறது. 1952-53-ல் கைத்தறி நெசவாளர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் தவித்தார்கள். நெய்த துணி தேங்கிக் கிடந்தது. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அப்போதைய முதல்வர் ராஜாஜி மத்திய அரசைக் கேட்டார். தி.மு.க. இன்னொரு வழியில் போனது. 1953 ஜனவரியில் அண்ணா திருச்சித் தெருவில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். கட்சிக்காரர்கள் ஊர் ஊராக விற்றார்கள். நாலு வருஷம் கழித்து நெசவாளர் ஊரில் ஓட்டு விழுந்தது.

இப்போது சொல்லுங்கள், ஓட்டு விழுந்தது சாதிக்கா, தறிக்கா? காஞ்சிபுரத்தில் அன்றைக்குச் சாதி, தொழில், தெரு மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. மூன்று காலமும் ஒரே மாதிரி நகர்ந்தால் எந்தக் காலம் விடையைத் தருகிறது என்று எந்த சாஃப்ட்வேராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதில் சாதியை மட்டும் பொறுக்கி எடுத்து "இதுதான் காரணம்" என்பது கண்டுபிடிப்பு அல்ல, தேர்வு. அந்தத் தேர்வை யாரும் நியாயப்படுத்துவதில்லை.

பிரிக்க வேண்டும் என்றால், மூன்றும் தனித்தனியாகப் பிரிகிற இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. பட்டுத் தறி செங்குந்தர் வீட்டில் மட்டும் இல்லை. தெலுங்கு பேசும் சாலியர், கன்னடம் பேசும் தேவாங்கர் தறி போட்டார்கள். சுற்றுக் கிராமங்களில் வன்னியர்களும் தறிக்கு வந்தார்கள். மறுபக்கம், நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். சாதி வேறு, தறி ஒன்று. சாதி ஒன்று, வேலை வேறு. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் எது இழுக்கிறது என்று தெரியும். சாதி நிறம் பூசிய மேப்பில் இந்த இரண்டு கூட்டமுமே காணாமல் போய்விடும்.

நெசவாளர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் சாதிப் பெயரில் இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர், அது தீருகிற வரைக்கும் அந்த முதலாளிக்குத்தான் நெய்ய வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குப் பாவும் சரிகையும் சங்கத்திலிருந்து வரும், கூலியும் போனஸும் சங்கத்திலிருந்து வரும். சங்கத்தில் யார் தலைவர் என்பது ஆட்சியைப் பொறுத்தது. அந்தச் சங்கங்களின் பெயரைப் பாருங்கள்: முருகன், காமாட்சியம்மன், வரதராஜ சுவாமி, திருவள்ளுவர், அறிஞர் அண்ணா. சைவம், வைணவம், திராவிடம் எல்லாம் ஒரே ஊரில் பட்டு விற்கின்றன. ஒரே தெருவில், ஒரே சாதியில், முதலாளி தறிக்கும் சங்கத் தறிக்கும் அரசியல் வேறு.

5. சின்ன காஞ்சிபுரமும் நாமமும்

மதத்துக்கு வருவோம். சென்சஸ் கணக்கில் காஞ்சிபுரத்தில் பெரும்பான்மையோர் இந்து. அதற்குமேல் அந்தக் காலம் எதுவும் சொல்லாது. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வாரம் தங்கினால், மதம் என்றால் என்ன என்று வேறு பாடம் கிடைக்கும். வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலைக்கும் தென்கலைக்கும் யார் முதலில் பாடுவது, எதைப் பாடுவது என்று நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டில் வழக்கு. 2022-லும் சென்னை ஐகோர்ட் அதில் உத்தரவு போட வேண்டியிருந்தது. யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கு லண்டன் வரை போனதாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

இவ்வளவு ஆழமான பிளவு, இவ்வளவு பழைய பிளவு. இது ஓட்டில் எங்கே இருக்கிறது? எந்தக் கட்சியும் வடகலை ஓட்டு, தென்கலை ஓட்டு என்று தனியாக எண்ணிக்கொண்டு வந்து நிற்பதில்லை. டிவி கணக்கில் இரண்டு பேரும் சேர்ந்து "பிராமணர் ஓட்டு", அவ்வளவுதான். அமெரிக்காவில் லூத்தரன், கத்தோலிக்கர் வேறுபாடு கட்சி வேறுபாடாக மாறியது, ஏனென்றால் பள்ளிக்கூடமும் மதுவிலக்கும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. கட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. நாமத் தகராறை அரசாங்கம் தீர்க்கவில்லை, கோர்ட் தீர்த்தது. அதனால் சண்டை வக்கீலிடம் போனது, கட்சியிடம் போகவில்லை. ஒரு பிளவு எவ்வளவு ஆழம் என்பதைவிட, அதைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்குப் போகிறார்கள் என்பதுதான் ஓட்டை முடிவு செய்கிறது.

2019-ல் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அத்திவரதர் வைபவம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், எங்கள் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. ஊருக்கு மறுபடியும் பக்தி வெள்ளம், இனி அரசியலே மாறும் என்று எழுதினார்கள். 2021 தேர்தலில் காஞ்சிபுரத்தில் ஜெயித்தது தி.மு.க. அத்திவரதரைச் சேவித்துவிட்டு வந்த கையாலேயே உதயசூரியனில் குத்தியவர்கள் ஏராளம். அவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. முரண்பாடு மேப் போடுகிறவருக்குத்தான்.

6. "வட மாவட்டத்துக்கு வாங்க, அப்புறம் பேசுங்க"

நியாயமான எதிர்ப்பு. சின்னச் சாதிகள் நிறைந்த நெசவாளர் ஊரை வைத்துப் பேசாதே, வன்னியர் பெல்ட்டைப் பார் என்பார்கள். பார்ப்போம். இந்த வாதத்தின் கல்விப்புல வடிவம் லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் தம்பதி 1967-ல் எழுதிய ‘மரபின் நவீனத்தன்மை’ என்ற பொருளுடைய ஆங்கில நூல். சாதிச் சங்கம் என்பது பழைய சாதியின் எச்சம் அல்ல, அது ஜனநாயகத்துக்காகச் சாதி எடுத்த புது அவதாரம் என்பது அவர்கள் வாதம். முக்கிய உதாரணம் வன்னியர்கள்தான். 1952 தேர்தலில் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம் பிடித்தன. பிறகு இரண்டு தலைவர்களும் மந்திரி ஆனார்கள், இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சாதி ஒரு கட்டத்தில் ஒன்றாகத் திரளும், பிறகு பல கட்சிகளுக்குள் பிரியும் என்று அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். குறை என்னவென்றால், எண்ணிக்கையில் பெரிய ஒரு சாதியின் கதையிலிருந்து பொது விதி எடுத்தது. அதே வருஷம் ஆட்சிக்கு வந்தது எண்ணிக்கை பலமில்லாத நெசவாளர் சமூகத்திலிருந்து வந்த அண்ணா. அவருக்குப் பின் இசை வேளாளர் சமூகத்துக் கருணாநிதி, மலையாள வம்சாவளி எம்.ஜி.ஆர்., பிராமணரான ஜெயலலிதா. நடுவில் வந்த இடைக்கால முதல்வர்களை விட்டுவிட்டால், 1967 முதல் 2016 வரை தமிழ்நாட்டை ஆண்டவர்கள் யாருமே சாதி எண்ணிக்கையால் ஜெயித்திருக்க முடியாதவர்கள். இந்த ஒரு வரிக்கு மேப் போடுகிறவர்கள் இதுவரை பதில் சொல்லவில்லை.

சரி, வன்னியர்களையே எடுங்கள். 1987-ல் ஒரு வாரச் சாலை மறியல், துப்பாக்கிச் சூட்டில் 21 பேர் பலி, 1989-ல் பா.ம.க.; அதே வருஷம் 20 சதவீத எம்.பி.சி. ஒதுக்கீடு. இது விஸ்கான்சின் மாதிரியே. ஒரு கோரிக்கை, அதற்காகச் செத்தவர்கள், ஒரு அமைப்பு. அதனால் ஓட்டு திரண்டது. ஆனால் திரண்டது அப்படியே நின்றதா? காஞ்சிபுரம் தொகுதியில் 2006-ல் தி.மு.க. கூட்டணியில் பா.ம.க. ஜெயித்தது. 2011-ல் அதே கூட்டணியில் பா.ம.க. தோற்றது, அ.தி.மு.க. ஜெயித்தது. 2016-ல் பா.ம.க. தனியாக நின்று தமிழ்நாடு முழுக்க சுமார் 5.3 சதவீத ஓட்டு வாங்கி ஒரு இடமும் பிடிக்கவில்லை, காஞ்சிபுரம் தி.மு.க.வுக்குப் போனது. 2021-ல் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ம.க. நின்று தி.மு.க.விடம் தோற்றது. அதுவும் 10.5 சதவீதம் சட்டமான சில வாரங்களில். நடுவில் தொகுதி எல்லையும் மாறியது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தாலும், மாம்பழத்தின் கதியை முடிவு செய்தது பெரும்பாலும் அது எந்தக் கூடையில் இருந்தது என்பதுதான்.

தர்மபுரி இன்னும் கடினமான உதாரணம். 2012 நவம்பரில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2014-ல் அந்தத் தொகுதியில் அன்புமணி ஜெயித்தார். பகை ஓட்டாக மாறுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை, அதை மறைக்க முடியாது. ஆனால் 2019-லும் 2024-லும் அதே தர்மபுரி தி.மு.க.வுக்குப் போனது. பகை ஓட்டாக மாறும். மாறியது நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அயோவாவின் சூ கவுண்டி டச்சு ரிஃபார்ம்டு சபைக்காரர்களின் கோட்டை. 2016 கட்சித் தேர்வில் அங்கே ட்ரம்ப் மற்றவர்களுக்குப் பின்னால் போனார். அவர் நடத்தை அந்தச் சபைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் அதே கவுண்டி அவருக்கு 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. மிச்சிகனின் டியர்போர்ன் அரபு அமெரிக்கர்கள் நிறைந்த நகரம். 2020-ல் பைடனுக்குப் பெருவாரியாகப் போட்டது. 2024-ல் அதே நகரில் ட்ரம்புக்கு சுமார் 42 சதவீதம், ஹாரிஸுக்கு சுமார் 36, ஜில் ஸ்டைனுக்கு சுமார் 18. நாலு வருஷத்தில் வம்சாவளியா மாறியது? காஸாவில் குண்டு விழுந்தது.

7. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

டிவிக்காரர் தப்பாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. ஏனென்றால் இதே கணக்கைக் கட்சிகள் சீட் கொடுக்கும்போது போடுகின்றன. "இந்தத் தொகுதியில் இவங்கதான் மெஜாரிட்டி" என்று பெரிய சாதிக்கு சீட். எல்லாக் கட்சியும் அதே சாதியில் நிறுத்தும்போது, ஓட்டுப் போடுகிறவருக்கு வேறு வழியே இல்லை. ரிசல்ட் வந்ததும் "பார்த்தீங்களா, அந்தச் சாதிக்காரர்தான் ஜெயிச்சார்" என்பார்கள். விடையை ஹார்ட்கோட் பண்ணிவிட்டு புரோகிராம் சரியாக ஓடுகிறது என்பது போல. சாலியர், தேவாங்கர், வண்ணார், மருத்துவர், குயவர் மாதிரி ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பவர்கள் எந்த மேப்பிலும் நிறம் பெறுவதில்லை, அதனால் சீட்டும் பெறுவதில்லை. இன்றைக்கு இதே கணக்கோடு உட்கார்ந்து பார்த்தால் அண்ணாவுக்கே காஞ்சிபுரத்தைத் தாண்டி சீட் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் நேரடி. தேர்தல் முடிந்ததும் ஃபார்ம் 20 என்று ஒன்று வெளிவரும். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல். பூத் என்பது சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் பேர், அதாவது சில தெருக்கள். எங்கள் ஊர் மாதிரி தெருவும் சாதியும் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஒரு பூத் கிட்டத்தட்ட ஒரு சாதி. ரகசிய வாக்கெடுப்பு தனி ஆளைக் காப்பாற்றுகிறது, தெருவைக் காப்பாற்றுவதில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்களின் சீட்டைக் கலந்து எண்ணும் ஏற்பாடு விதிகளில் இருந்தது. மெஷின் வந்ததும் அது போய்விட்டது. பல மெஷின்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் கமிஷன் 2008-ல் முன்மொழிந்தது. 2015-ல் சட்டக் கமிஷனும் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இதுவரை நடைமுறைக்கு வரவில்லை.

நான் எங்கள் தொகுதியின் ஃபார்ம் 20 பட்டியல்களை இறக்கி, பூத்வாரியாக ஒரு ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். தெரிந்த ஒரு கட்சிக்காரர் இதைக் கேள்விப்பட்டு போன் செய்தார். "அண்ணே, தெரு பேர் இருக்கு, ஓட்டு இருக்கு. சாதியை மட்டும் ஒரு காலமா சேத்துக் குடுங்களேன். எந்தத் தெருவுக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்." செய்யணும் என்று அவர் சொன்னதில், செய்யக் கூடாது என்பதும் அடங்கியிருந்தது. எந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி, எந்தத் தெருவுக்கு நாளைக்கு வா என்பது. முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதிவில் பூத் எண்களைப் போடாததற்கும் அதுதான் காரணம்.

வேறு ஒரு ஷீட் போட ஆசை. அதில் சாதிக் காலம் இருக்காது. சங்கத்தில் கூலி எப்போது உயர்ந்தது, சரிகை விலை எப்போது ஏறியது, எந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை எந்த வருஷம் வந்தது, எந்தப் பள்ளிக்கூடம் எப்போது உயர்நிலைப் பள்ளி ஆனது என்று வருஷவாரியாக இருக்கும். மாறுகிற விஷயங்கள். ஓட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதில் சில காலங்கள் ஒன்றுமே சொல்லாமல் போகலாம், பரவாயில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள், குறிப்பாகச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பழைய கூலி நோட்டு வைத்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன்.